லைட் சர்க்யூட்டிலிருந்து கீசருக்கு வயர் இழுக்கலாமா?

கூடாது. சர்க்யூட் என்பது மெயின் போர்டிலுள்ள ஓர் எம்சிபியில் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சில்) தொடங்கி, அதன் வழியே மின்சாரம் பெறும் வயர், விளக்கு, பிளக் எல்லாம் சேர்ந்த தொகுதியாகும். விளக்குகளுக்குப் பெரும்பாலும் 1.5 சதுர மில்லிமீட்டர் வயரே போடப்படுவதால், 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் இழுக்கும் 3000 வாட் கீசரையும் அதிலேயே இணைப்பது, தண்டையார்பேட்டைச் சந்துக்குள் துறைமுகத்துக் கன்டெய்னர் லாரியை விடுவது போன்றது. மின்னோட்டம் இரட்டிப்பானால் வயரில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவேதான் விளக்குக்கும் பவர் பிளக்குக்கும் தனித்தனி சர்க்யூட் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 732. கீசருக்கு மெயின் போர்டிலிருந்தே தனி எம்சிபி, 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத வயர், எர்த் வயர் ஆகியவற்றுடன் புதிய சர்க்யூட் இழுக்க வேண்டும்.

எம்சிபி அடிக்கடி விழுந்தால் பெரியதை மாட்டினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கின்றனர். ஆனால் எம்சிபி முதன்மையாகக் காப்பது வயரையே என்பதால், வயரை மாற்றாமல் அதை மட்டும் பெரிதாக்கினால், சுவருக்குள் வயர் உருகும்போதும் அது விழாமலே இருக்கக்கூடும்.