கிணற்றில் கற்ற நீச்சலும் டைவ்மாஸ்டர் படிப்பும்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 26. ஊர் காவேரிப்பட்டணம், வேலை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். லீவு நாட்களில் புதுச்சேரி போய் ஸ்கூபாவில் (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு என்ற ஆரம்பப் படிப்புகள் இரண்டும் முடித்துவிட்டேன். இதுவரை 22 டைவ். வேலையை விட்டுவிட்டு டைவ்மாஸ்டர் (மற்ற டைவர்களைக் கடலுக்குள் வழிநடத்திப் போகிறவர்) படித்து அதையே தொழிலாக்கிக்கொள்ளலாமா? அப்பா மாந்தோப்பைப் பார்த்துக்கொள் என்கிறார். பயிற்சி கொடுக்கிற இடத்தில் உடனே சேரச் சொல்கிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, வேலையை இப்போது விடாதீர்கள். டைவ்மாஸ்டர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் நடுவில் ரெஸ்க்யூ டைவர் என்று, ஆபத்தில் இருக்கும் டைவரைக் காப்பாற்றக் கற்றுத்தருகிற ஒரு படிப்பு இருக்கிறது, அதை முடிக்காமல் டைவ்மாஸ்டர் ஆக முடியாது, உங்களுக்கு இது தொழிலா ஆசையா என்பதும் அங்கேதான் தெரியும்.

நான் டைவ்மாஸ்டர் பயிற்சியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். 12 மீட்டர் ஆழம், என் பொறுப்பில் ஒரு அம்மா. மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர் போய்விட்டது, அவ்வளவுதான். கண் இரண்டும் பெரிதாக விரிந்தது, அடுத்த நொடி வாயில் இருந்த ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தருகிற கருவி) பிடுங்கிவிட்டார். இடது கையால் அவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே பாய விடாமல் நிறுத்தி, வலது கையால் ரெகுலேட்டரை வாயில் வைத்து, அவர் மூச்சு சீராகும் வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். படகுக்கு வந்த பிறகு எல்லோரும் ஆமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்திலேயே போனதாம். நான் பார்க்கவில்லை. தொழிலாக எடுத்துக்கொண்டால் கடலைப் பார்க்கிற நேரம் குறைந்து மனிதர்களைப் பார்க்கிற நேரம் கூடிவிடும். எனக்கு அது பிடித்திருந்தது, அதனால் இதிலேயே நிலைத்துவிட்டேன். உங்களுக்குப் பிடிக்குமா என்று 22 டைவில் சொல்ல முடியாது.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஸ்கூபா சான்றிதழ் தருகிற ‘பாடி’ (PADI) அமைப்பின் விதிப்படி டைவ்மாஸ்டர் பயிற்சி தொடங்கவே 40 டைவ் வேண்டும், சான்றிதழ் வாங்க 60. அப்புறம் நீச்சல் தேர்வு. எந்தக் கருவியும் இல்லாமல் 400 மீட்டர், காலில் துடுப்பும் மாஸ்க்கும் ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாயும் போட்டுக்கொண்டு 800 மீட்டர், 15 நிமிடம் மிதப்பது, களைத்துப்போன ஒருவரை 100 மீட்டர் இழுத்து வருவது. முதுகில் காலி மண்ணெண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். மேலிருந்து குதிக்க, மூச்சடக்க, அடியில் கிடக்கும் வாளியை எடுக்க எல்லாம் வரும், ஆனால் கிணற்றில் நேராக 400 மீட்டருக்கு எங்கே போவது? முதல் நாள் பாதியிலேயே தோள் விட்டுவிட்டது. 25 மீட்டர் குளம் ஒன்றைப் பிடித்து 16 தடவை நிற்காமல் போகப் பழகுங்கள்.

பிழைப்புக்கு வருவோம். நம் பக்கத்துக் கடற்கரைகளில் வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி ஒரே ஒரு தடவை இறங்கிப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்கள். டைவ்மாஸ்டர் தனியாக அழைத்துப்போகக்கூடியது ஏற்கெனவே சான்றிதழ் உள்ளவர்களை மட்டும்தான். முதல்முறை இறங்குபவரைக் கடலுக்குள் கொண்டுபோக இன்ஸ்ட்ரக்டர் வேண்டும், நீங்கள் உதவிக்கு இருப்பீர்கள். அதனால் சம்பளம் என்று யோசித்தால் இன்ஸ்ட்ரக்டர் வரை போகிற செலவையும் சேர்த்து யோசியுங்கள் (அதற்கு 100 டைவ்). சொந்தக் கருவி, வருடா வருடம் உறுப்பினர் கட்டணம், காப்பீடு இதெல்லாம் தனி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக் கடல் கலங்கினால் புதுச்சேரியில் வேலை குறையும்.

சேரும் முன் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் படித்த இடத்தில் கட்டணம் வேண்டாம், வேலை செய்தால் போதும் என்றார்கள். நான்கு மாதம் சிலிண்டர் சுமந்தேன், நிரப்பிய சிலிண்டர் ஒன்று 16, 17 கிலோ வரும். பாடம் சொல்லிக்கொடுத்த நாட்கள் மிகக் குறைவு, கேட்டால் நாளைக்கு என்பார்கள். எத்தனை டைவ், யார் சொல்லிக்கொடுப்பது, எத்தனை மணி நேரம் வேலை என்று தாளில் இல்லாவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை டைவ் போட்டுவிட்டு மதியம் வண்டி ஏறி, திருவண்ணாமலை, ஊத்தங்கரை வழியாக ராத்திரியே ஓசூர் போகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஒன்றுக்கு மேல் டைவ் போட்டால் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறார்களே, அந்த எச்சரிக்கை 600 மீட்டருக்கு மேலான உயரத்துக்கு உரியது. ஓசூர் 900 மீட்டரை ஒட்டி இருக்கிறது. உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜனுக்கு விமானமா பஸ்ஸா என்று தெரியாது, வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால் குமிழியாகக் கிளம்பும். சனிக்கிழமை டைவ் போடுங்கள், ஞாயிறு சாயங்காலம் கிளம்புங்கள்.

அப்பாவிடம் ஒரு வருடம் கேளுங்கள். மாங்காய் சீசனில் தோப்பில் நில்லுங்கள், மற்ற வாரக்கடைசிகளில் ரெஸ்க்யூவையும் 40 டைவையும் முடியுங்கள். யாரோ ஒருவரின் மூச்சைப் பார்த்துக்கொண்டே முழு டைவும் போன பிறகும் மறுநாள் இறங்க மனம் வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: டைவ்மாஸ்டர் சான்றிதழ் இருந்தால் தண்ணீருக்கடியில் வெல்டிங் வேலைக்குப் போகலாமா?
– ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: போக முடியாது. அது வேறு தொழில், வேறு பயிற்சி. மேலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும், தலையில் ஹெல்மெட், மேலே இருப்பவரோடு பேச ஒயர். கமர்ஷியல் டைவிங் என்று தனியாகப் படிக்க வேண்டும். அந்த எண்ணம் இருந்தால் முதலில் ஐடிஐயில் வெல்டிங் சேருங்கள், கரையில் நேராகப் பற்றவைக்கத் தெரியாதவருக்குத் தண்ணீருக்குள் வேலை கிடையாது.