காக்காவைத் தாத்தா என்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. காக்காவைத் 'தாத்தா' என்கிறாள். ரயில் 'யயி', பழம் 'பயம்'. கேட்கக் கேட்க எனக்கு ஆசையாக இருக்கிறது, நானும் அப்படியே திருப்பிச் சொல்கிறேன். மாமனார் போன வருஷம் தவறிவிட்டார். அத்தை காக்காவுக்குச் சோறு வைக்கும்போது பாப்பா 'தாத்தா' என்று கூப்பிட, அவர் கண் கலங்கிவிடுகிறார். "அம்மா அழுவுது, அந்த வார்த்தையை மாத்து" என்கிறார் வீட்டுக்காரர். ப்ளே ஸ்கூல் மேடமோ, "வீட்டில் இந்த ஏரியா பாஷை பேசாதீங்க, குழந்தைக்கு நாக்கு திருந்தாது" என்கிறார். நான் ரசிப்பது தப்பா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: தப்பே இல்லை. நன்றாக ரசியுங்கள். ஆனால் 'திருப்பிச் சொல்கிறேன்' என்றீர்களே, அதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

முதலில் காக்கா விஷயம். ப, ம இரண்டும் உதட்டில் பிறக்கும் ஒலிகள். அம்மாவின் வாயைப் பார்த்தே குழந்தை பிடித்துக்கொள்ளும். 'க' அப்படி இல்லை. நாக்கின் பின்பக்கம் மேலே எழும்பி, உள்ளே பிறக்கிற ஒலி அது. வெளியே எதுவும் தெரியாது. அதனால் பல குழந்தைகள் 'க' வரவேண்டிய இடத்தில், நாக்கு நுனிக்கு எட்டுகிற 'த'வை வைத்துவிடுகிறார்கள். காக்காவில் இரண்டு 'க'வையும் மாற்றிப் பாருங்கள், தாத்தாதான் வரும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நான்கு வயதுக்குள் தானாகவே சரியாகிவிடும். 'ர', 'ழ' இன்னும் தாமதமாக வரும். அவசரம் வேண்டாம்.

அவள் காதில் காக்கா காக்காவாகத்தான் விழுகிறது. ஜீன் பெர்கோ, ரோஜர் பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் 1960இல் ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார்கள். அந்தக் குழந்தை தன் பிளாஸ்டிக் மீனை 'ஃபிஸ்' என்றது. பெரியவர் ஒருவர், "இது உன் ஃபிஸ்ஸா?" என்று கேட்டபோது இல்லை என்று மறுத்தது. "உன் ஃபிஷ்ஷா?" என்று கேட்டதும், "ஆமாம், என் ஃபிஸ்" என்றது! காதுக்குத் தெரிந்தது நாக்குக்கு இன்னும் எட்டவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் திருப்பிச் சொல்ல வேண்டாம் என்கிறேன். சரியான ஒலியை அவள் உங்களிடமிருந்துதான் கேட்க வேண்டும். அவள் 'தாத்தா' என்றால், "ஆமாடா, காக்கா வந்திருக்கு, சோறு தின்னுது" என்று பதில் பேச்சாகச் சொல்லுங்கள். "தப்பு, காக்கா சொல்லு" என்று மடக்காதீர்கள். விருந்தாளி முன்னால் நிறுத்தி, "அதைச் சொல்லு பாப்பா" என்று கேட்டு எல்லோரும் சிரிப்பது அதைவிட மோசம். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பேசினால் சிரிப்பார்கள் என்று புரிந்துகொண்ட குழந்தை, பேசுவதைக் குறைத்துக்கொள்ளும்.

அந்த மேடம் சொன்னதற்கு என் பதில் இது: குழந்தைக்குப் பேச்சு வருவது, வீட்டில் அதனோடு ஓயாமல் பேசுகிறவர்களால். நீங்கள் வாய்விட்டுச் சண்டை போடுகிற, மீன் பேரம் பேசுகிற, கொஞ்சுகிற பாஷை எதுவோ, அதில்தான் அவளோடு பேச வேண்டும். அதை நிறுத்தச் சொன்னால், பாதி வீட்டில் பேச்சே நின்றுபோகும். 'பயம்' அவளுடைய மழலை மட்டும்தானா? இங்கே நாமே 'வாயப்பயம்' என்றுதான் கேட்டு வளர்ந்தோம். பள்ளிக்கூடத்தில் 'ழ' கற்றுக்கொண்டோம், வீட்டுப் பேச்சையும் விடவில்லை. அவளுக்கும் இரண்டும் வரும்.

கவனிக்க வேண்டியது வேறு. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, இரண்டு வயது தாண்டியும் 'அம்மா வா' என்பதுபோல இரண்டு சொல் சேராமல் இருப்பது, பேசிக்கொண்டிருந்த சொற்கள் காணாமல் போவது. இதில் ஒன்று இருந்தாலும் 'தானா வரும்' என்று காத்திருக்காமல், ஸ்டான்லி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிப்போய்க் காதைப் பரிசோதித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அப்படி எதுவும் தெரியவில்லை.

அப்புறம் உங்கள் அத்தை. செத்தவர்கள் காக்காவாக வந்து சோறு எடுக்கிறார்கள் என்று நம்பித்தான் அவர் வைக்கிறார். அந்த நேரத்தில், ஒன்றும் அறியாத பேத்தி தாத்தா என்று கூப்பிடுகிறாள். அழட்டுமே! அது வேண்டாத அழுகை என்று உங்கள் வீட்டுக்காரர் எப்படி முடிவு செய்தார்? அந்த வார்த்தையை மாற்றட்டுமா என்று அத்தையிடமே ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்பார் என்றே நினைக்கிறேன்.

மழலை யாழிசையோடு சேராது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது; ஆனாலும் தகப்பன் மனத்தில் அருள் சுரக்கும் என்று புறநானூற்றில் ஒளவையார் அதியமானிடம் சொல்கிறார். அந்தப் பாட்டை நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். ஆனால் என் மகன் பேச்சை எழுதி வைக்கத் தோன்றவில்லை. அப்போது தண்டையார்பேட்டையில் குடியிருந்தோம். நெத்திலியை அவன் 'தித்திலி' என்பான், அது நினைவிருக்கிறது. கடலுக்கு ஒரு சொல் வைத்திருந்தான். சாயங்காலம் கூட்டிப்போகச் சொல்லித் தினமும் அதைச் சொல்லி அழுவான். அது என்ன சொல் என்று இன்று எனக்கும் தெரியவில்லை, என் மனைவிக்கும் தெரியவில்லை. எந்த நாளில் அதை விட்டு 'கடல்' என்றான் என்பதும் தெரியாது. அவனைக் கேட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி போட்டு, அவள் சொல்கிறபடியே எழுதுங்கள். யாரைப் பார்த்து, எந்த இடத்தில் சொன்னாள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். தாத்தா, யயி, பயம் மூன்றையும் இன்று ராத்திரியே எழுதிவிடுங்கள்.