வெனிசுவேலா: ஒரு காரணம் போதாது

வணக்கம். வெனிசுவேலா மக்கள் வெளியேறக் காரணம் பொருளாதாரமா, அரசியலா, ஒன்றை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுத வேண்டும், எதை எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றை மட்டும் எடுத்தால் கட்டுரை நொண்டும். யார் எப்போது கிளம்பினார்கள் என்று பாருங்கள்.

அதிபர் சாவேஸை எதிர்த்து எண்ணெய் ஊழியர்கள் நடத்திய 2002-03 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அவருடைய அரசு, தேசிய எண்ணெய் நிறுவனத்தில் சுமார் 18,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. அப்போது போன பொறியாளர்களை, கொலம்பியா, கனடா என்று போனவர்களை, விரட்டியது பசி இல்லை, சுத்த அரசியல். தொழில் தெரிந்த ஆட்கள் போனதும் உற்பத்தி தளர்ந்தது. 2014-இல் எண்ணெய் விலை விழுந்தபோது அரசின் கையில் சேமிப்பும் இல்லை, விலைவாசி எகிறியது. 2018 ஆகஸ்டில் தலைநகர் காரகாஸில் ஒரு கோழி 1.46 கோடி பொலிவார் (அந்நாட்டுப் பணம்)! குறைந்தபட்ச மாதச் சம்பளம் அதில் பாதிகூட இல்லை. அப்புறம் எல்லைப் பாலத்தைக் கடந்து கொலம்பியாவின் கூக்குட்டா நகருக்கு நடந்தே போனவர்கள் ஏழைகள். இன்று வெளியே இருப்பவர்கள் 70 லட்சத்துக்கும் மேல்.

அமெரிக்கத் தடைகளைப் பற்றி ஆசிரியர் கண்டிப்பாகக் கேட்பார். நிதித் தடை 2017, எண்ணெய்த் தடை 2019. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது, தடைகள் அதை இன்னும் மோசமாக்கின. அதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள்.