மின்னூல் வந்தபிறகு நூலகக் கட்டடம் எதற்கு?

கைப்பேசியிலேயே மின்னூல் இரவல் கிடைக்கும்போது சிங்கப்பூரில் இத்தனை நூலகங்கள் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்டிப்பாகத் தேவை. 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு நாளிதழின் பழைய இதழ்கள் பலவற்றை இன்று தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி (NewspaperSG) இணையத்தளத்தில் படிக்கலாம், 1965 முதல் 2015 வரை இங்கே வெளியான தமிழ் இலக்கிய நூல்கள் பலவும் மின்மயமாகிவிட்டன, பொடிந்துபோகும் தாளுக்கு இது பெரிய காப்பு. சரி, ஆனால் திரையில் தேட நமக்கு நூலின் பெயரோ எழுத்தாளர் பெயரோ தெரிய வேண்டுமே! வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை, தமிழ் அலமாரியில் அட்டைப்படம் பிடித்துப்போய் ஒரு கதைப்புத்தகத்தை உருவி அங்கேயே தரையில் உட்கார்ந்து புரட்டும், அது செயலியில் நடக்காது. அப்புறம், நூலை நாமே பதிவுசெய்து எடுத்துக்கொள்ளும் இரவல் இயந்திரங்களால் மிச்சமாகும் ஊழியர் நேரம் முதியவர்களுக்குச் செயலியைச் சொல்லித்தரவும் தமிழ்க் கதைநேரம் நடத்தவும் போக வேண்டும்.