சர்க்கரை கேட்டால் வெல்லம் தரும் ஊரிலிருந்து வந்தவளுக்கு

"அக்கா, கோவையில் நான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியனாக இருந்தேன். இப்போது அமெரிக்காவில் சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். மருந்தியல் மட்டும் மனதில் நிற்கவில்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு எப்படிப் படித்தீர்கள்?" என்று வண்ணாமடைத் தங்கை ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

கண்ணு, நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காட்டுச் சித்தூரில் மலையாளிக் கடையில் சர்க்கரை கேட்டால் வெல்லத்தை எடுத்துத் தருவார்கள். சீனி வேண்டுமானால் 'பஞ்சசார' என்று கேட்க வேண்டும். இதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. மருந்தியலில் உன் காலை இடறுவதும் பாதி இதுதான். ஊரில் நீ எடுத்துக் கொடுத்த அட்ரினலின் இங்கே எபிநெஃப்ரின். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின், லிடோகெயின். பெத்திடின், மெபெரிடின். பாராசிட்டமால், அசிட்டமினோஃபென். மருந்தை நீ அறிவாய், பெயர்தான் புதிது. ஒரு நோட்டில் இரண்டு பெயர்களையும் எதிரெதிரே எழுதிக்கொள்.

பிறகு அகரவரிசையில் மனப்பாடம் செய்யாதே. எந்த அறுவையில் எது மேஜைக்கு வரும் என்று பார். ரத்தக்குழாய் அறுவை என்றால் ரத்தம் உறையாமல் தடுக்க ஹெபாரின். அதை முறிக்கப் புரோட்டமின். கசிவை நிறுத்தத் திராம்பின். அது மேலே வைப்பதற்கு மட்டும், ரத்தக்குழாய்க்குள் போனால் உறைந்து உயிருக்கே ஆபத்து.

கணக்கைக் கண்டு பயப்படாதே. 1 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மில்லியில் 10 மி.கி. மருந்து. லிடோகெயின் மட்டும் என்றால் உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மி.கி.; 60 கிலோ ஆளுக்கு 270 மி.கி., அதாவது 1 சதவீதக் கரைசலில் 27 மில்லி. எபிநெஃப்ரின் கலந்திருந்தால் கிலோவுக்கு 7 மி.கி. வரை போகலாம். ஏன் கூடுகிறது? ரத்தக்குழாய் சுருங்குவதால் மருந்து மெதுவாக உடலில் சேர்கிறது. காரணம் புரிந்தால் எண் தானாக ஒட்டிக்கொள்ளும்.

இதைவிட முக்கியம் லேபிள். பயிற்சி அறையில் ஒருநாள் என் மேஜையில் இரண்டு சிறு கிண்ணங்கள்: ஒன்றில் சலைன், ஒன்றில் லிடோகெயின். இரண்டும் தண்ணீராகத்தான் தெரிந்தன. நான் பேனா மூடியைத் திறப்பதற்குள் ஆசிரியை "எது எது?" என்றார். இடப்பக்கம் லிடோகெயின் என்றேன். சரியான பதில்தான். ஆனாலும் இரண்டையும் கொட்டச் சொல்லிவிட்டார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். பெயர், வீரியம் இரண்டையும் எழுது. நர்ஸும் நீயும் குப்பியைச் சேர்ந்து படியுங்கள். சர்ஜனிடம் நீட்டும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல். 0.5 என்பதை .5 என்றோ, 5 என்பதை 5.0 என்றோ எழுதாதே. ஒரு புள்ளி கண்ணில் படாமல் போனால் அளவு பத்து மடங்காகிவிடும்.

தேர்வில் 175 கேள்விகள்; 150க்குத்தான் மதிப்பெண். நேரம் போதும்.

டான்ட்ரோலீனை மட்டும் தனியாகப் படி. மயக்க வாயுவாலோ தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலினாலோ உடல் கொதிக்கத் தொடங்கும் அபூர்வ நிலைக்கு அதுதான் மருந்து. பழைய வகைக் குப்பியில் 20 மி.கி. இருக்கும், ஒவ்வொன்றிலும் 60 மில்லி மலட்டு நீர் ஊற்றிக் குலுக்க வேண்டும். 70 கிலோ ஆளுக்கு முதல் அளவு 175 மி.கி., அதாவது ஒன்பது குப்பிகள். அந்த ஒன்பதைக் கணக்குப் போட்ட நாளிலிருந்து அந்தப் பெயர் எனக்கு மறக்கவே இல்லை.

நோட்டின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு கண்ணு, பெயர்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.