தோள் ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: என் கணவருக்கு 56 வயது, பெயின்டிங் வேலை. மூன்று மாதம் முன்பு ஏணி சறுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். அதிலிருந்து கையைத் தூக்க முடியவில்லை. ராத்திரி வலியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். சர்க்கரையும் உண்டு. 'தோள்பட்டை இறுக்கம்' என்று ஊசி போட்டார்கள். 15 நாளில் வலி திரும்பிவிட்டது. இப்போது எம்.ஆர்.ஐ.யில் ஜவ்வு 2.5 செ.மீ. முழுதாகக் கிழிந்திருப்பதாகச் சொல்கிறார்கள். பயிற்சியிலேயே சரியாகாதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஆபரேஷன்தான் நல்லது, அதுவும் சீக்கிரம்.

மேற்கை எலும்பின் தலையை நான்கு தசைகளின் ஜவ்வுகள் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) சுற்றிக் கவ்வி, மூட்டுக்குழியின் நடுவில் நிறுத்துகின்றன. மேல்பக்கம் உள்ள சுப்ராஸ்பைனேட்டஸ்தான் அடிக்கடி கிழிவது. அது எலும்பில் ஒட்டும் இடத்துக்குச் சற்று முன்பு ரத்த ஓட்டம் குறைவு. கையைத் தூக்கும்போதெல்லாம் மேலே உள்ள எலும்பும் உரசும். வருடக்கணக்கில் சீலிங்குக்கு பெயின்ட் அடித்தவருக்கு அது முன்பே நைந்திருக்கும். ஏணியிலிருந்து விழுந்ததில் மிச்சமும் அறுந்திருக்கிறது.

சர்க்கரை இருப்பதால் இறுக்கம் என்று நினைப்பது சகஜம். வித்தியாசத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அவரைப் படுக்கவைத்து, கையைத் தளரவிடச் சொல்லி, நீங்கள் மெல்லத் தூக்குங்கள். இறுக்கம் என்றால் யார் தூக்கினாலும் ஓரிடத்தில் தடுக்கும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து முன்கையை வெளியே திருப்பவும் வராது. கிழிவு என்றால் நீங்கள் தூக்கும்போது காதுவரை வரும், அவராகத் தூக்கினால் வராது. சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். அப்போது இறுக்கத்துக்கும் வைத்தியம் பார்க்கவேண்டும்.

எழுபது வயதில், அடிபடாமல் தேய்ந்து கிழிந்தவருக்கு மூன்று மாதம் பயிற்சிதான் முதல் வழி. பலர் அதிலேயே சமாளிக்கிறார்கள். அடிபட்டு முழுதாகக் கிழிந்தது வேறு விஷயம். எலும்பை விட்ட ஜவ்வு தானாக ஒட்டாது. தசை உள்ளே இழுத்துக்கொண்டு மெலியும், அதில் கொழுப்பு படரும். பிறகு தைத்தாலும் அந்தக் கொழுப்பு பெரும்பாலும் போகாது. ஆகவே 2.5 செ.மீ. என்ற கணக்கைவிட, ஜவ்வு எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது, தசையில் கொழுப்பு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேளுங்கள். தசையில் பாதிக்குமேல் கொழுப்பாகிவிட்டால் தைத்தது நிற்பது கடினம்.

ஆபரேஷன் பெரும்பாலும் ஆர்த்ரோஸ்கோப்பி முறையில் (மூட்டுக்குள் சிறு கேமரா விட்டுப் பார்த்தபடி), ஒரு செ.மீ.க்கும் குறைவான மூன்று நான்கு துளைகள் வழியே நடக்கும். நைந்த ஓரத்தை வெட்டி, ஜவ்வு ஒட்டவேண்டிய எலும்புப் பரப்பை லேசாகச் சுரண்டி ரத்தம் கசியவைப்பார்கள். ஒட்டுவதற்கு அது வேண்டும். பிறகு சுமார் 5 மி.மீ. பருமனுள்ள, நூல் கோத்த சிறு ஆங்கர்களை (ஆணி போன்ற பிடிப்பான்களை) எலும்பில் இறக்கி, ஜவ்வை இழுத்துக் கட்டுவார்கள். ஆங்கர் எலும்பிலேயே இருந்துவிடும். எடுக்கவேண்டியதில்லை.

கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான். நூல் தற்காலிகப் பிடிப்பு மட்டுமே. ஜவ்வு எலும்போடு ஓரளவு பிடிக்க 12 வாரம் ஆகும். வலியோ ஆறேழு வாரத்திலேயே குறைந்துவிடும். 'சரியாகிவிட்டதே' என்று குடத்தைத் தூக்குபவர்களுக்குத் திரும்பக் கிழிகிறது. முதல் 4 முதல் 6 வாரம் தூங்கும்போதும் ஸ்லிங் (கையைத் தாங்கும் தூளிப் பட்டை) வேண்டும். விரல், மணிக்கட்டு, முழங்கையை மட்டும் முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். தோளை பிசியோதெரபிஸ்ட் அசைத்துவிடுவார், இவராகத் தூக்கக்கூடாது. சட்டை போடும்போது ஆபரேஷன் செய்த கை முதலில் நுழையவேண்டும், கழற்றும்போது கடைசியில் வரவேண்டும். அக்குளைக் கழுவ, முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டால் போதும். தட்டையாகப் படுத்தால் வலி கூடும். சில வாரம் சாய்ந்தே தூங்கட்டும். எடை வைத்துப் பயிற்சி 12 வாரத்துக்குப் பிறகுதான்.

ஆபரேஷனுக்கு முன் எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 8-க்குக் கீழே வரட்டும். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்தவேண்டும். இரண்டுமே ஒட்டுவதைக் கெடுப்பவை. போட்ட ஊசி ஸ்டீராய்டா, எந்தத் தேதியில் போட்டார்கள் என்று சர்ஜனிடம் சொல்லுங்கள். போட்டு ஒரு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும். இனி வலிக்கென்று அதே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டாம். ஜவ்வு இன்னும் நைந்துபோகும்.

பெயின்டிங் வேலைக்கு ஆறு மாதமாவது ஆகும். திரும்பும்போதும் முதலில் நெஞ்சு உயரத்துச் சுவர். சீலிங்கை ரோலரில் நீளக் கம்பு மாட்டி, கை தோளுக்குக் கீழேயே இருக்கும்படி அடிக்கட்டும்.