மெற்றாமெற்றீரியல் பலகை கம்பியில்லா மின்கடத்தலின் வினைத்திறனை உண்மையாகவே கூட்டுமா?

இரண்டு சுருள்களுக்கு இடையில் மெற்றாமெற்றீரியல் பலகை ஒன்றை, அதாவது சிறு சுருள்களை வரிசையாக அடுக்கி இயற்கைப் பொருள்களில் காணாத மின்காந்த இயல்பு வரச்செய்த தட்டை, வைத்தால் மின்சக்தி கூடுதலாகப் போய்ச் சேரும் என்பது நம்பத்தக்கதா, அதை இறுதியாண்டுச் செயற்றிட்டமாக எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பொறியியல் மாணவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் படித்த காலத்தில் இதே வேலையைச் செய்து, அதைக் கண்கட்டு வித்தை என்று பலர் முன்னிலையில் ஒருவர் சொல்லக் கேட்டவன் நான். ஆதலால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பலகை சக்தியை உண்டாக்குவதில்லை. அனுப்பும் சுருளைச் சூழ்ந்த காந்தப்புலம் தூரத்தோடு விரைவாக நலிகிறது. இடைவெளி சுருளின் அளவை நன்கு தாண்டிவிட்டால் பிணைப்பு ஏறத்தாழத் தூரத்தின் மும்மடிக்கேற்பக் குறையும். 2007 இல் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் பரிவுச் சுருள்களால் (ஒரே மீடிறனுக்கு இசைத்த சுருள்களால்) 2 மீற்றருக்கு அப்பால் 60 வாற்று மின்குமிழை எரித்தபோதும் கடத்தலின் வினைத்திறன் ஏறத்தாழ 40 சதவீதமாகவே இருந்தது. எதிர் முறிவுச் சுட்டி உடைய, அதாவது அலையை வழக்கத்துக்கு மறுபக்கமாக முறிக்கும், தட்டொன்று நலிந்த அண்மைப்புலத்தை (மூலத்துக்கு அருகிலேயே தங்கிவிடும் புலத்தை) மீள வளர்க்கும் என்று 2000 இல் பிரித்தானிய இயற்பியலாளர் ஜோன் பென்ட்றி கோட்பாட்டளவில் காட்டியிருந்தார். நாங்கள் எடுத்த 13.56 மெகா ஹேர்ட்ஸில் அலைநீளம் 22 மீற்றர், இடைவெளியோ அரை மீற்றருக்குள். அவ்வளவு குறுகிய தூரத்தில் காந்த உட்புகவிடுமியல்பு (பொருள் காந்தப்புலத்துக்கு எப்படி இசைகிறது என்பதைக் காட்டும் எண்) மட்டும் எதிர்ப் பெறுமானமாக இருந்தாலே போதுமானது.

செப்புப் பலகையில் 49 சிறு சுருள்களை அரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கொள்ளளவியைப் பற்றவைத்தோம். பலகையை நடுவில் வைத்ததும் கிடைத்துக்கொண்டிருந்த சக்தியும் குறைந்தது. இரண்டு வாரம் கோட்பாட்டையே சந்தேகித்தோம். பிழை கொள்ளளவிகளில் இருந்தது: 5 சதவீத வழுவுடையவற்றுக்குக் காசு வாங்கிய கடை 20 சதவீத வழுவுடையவற்றை அனுப்பியிருந்தது. கொள்ளளவம் 20 சதவீதம் மாறினால் பரிவு மீடிறன் ஏறத்தாழ 10 சதவீதம் விலகும். சுருளின் பரிவுக்குச் சற்று மேலேயுள்ள ஒடுங்கிய பட்டையில்தான் எதிர்ப் பெறுமானம் கிடைக்கும் என்பதால், எங்கள் 49 சுருள்களும் 49 திசையில் நின்றன. வன்னியில் இருந்துகொண்டு ஒரு பொதி மாற்றி வருவதற்குள் ஒரு தவணையே போய்விடுகிறது என்ற மனத்தாங்கல் எனக்கு இன்றும் உண்டு. கடைசியில் ஒவ்வொன்றாக அளந்து பொறுக்கிப் பொருத்தியபோது, 40 சென்ரிமீற்றரில் வினைத்திறன் இரு மடங்கைச் சற்றுத் தாண்டியது.

கண்கட்டு வித்தை என்று கண்காட்சியில் சொன்ன அந்தப் பெரியவர் பலகைக்குள் மின்கலம் ஒளித்திருப்பதாகச் சொன்னார். கையில் கொடுத்தேன், புரட்டிப் பார்த்தும் ஒப்பவில்லை. என் அப்பாவுக்கோ நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மின்சாரம் இல்லாத யுத்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர் அவர். டைனமோவுக்குள் காந்தம் சுருளைத் தொடுவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பலகை எதற்கு, நடுவில் இன்னொரு பரிவுச் சுருளை வைத்தாலே போதுமே என்று சிலர் எழுதுவார்கள். அது நியாயமான கேள்விதான், நாங்களும் செய்து பார்த்தோம். நடுவில் வைத்த ஒற்றைச் சுருள் ஏறத்தாழ அதே பயனைத் தந்தது. ஆனால் பலகையை அனுப்பும் சுருளுக்கு அருகிலேயே நிறுத்தி, மீதி இடைவெளியை வெறுமையாக விடலாம். எனக்கு அது பெரிய வசதியாகவே பட்டது. 10 சென்ரிமீற்றர் போன்ற நெருக்கத்தில் பலகையின் செப்புத் தடை தின்னும் சக்தி, அது தரும் பயனை மிஞ்சிவிடும். அங்கே அதை வைக்காதீர்கள்.

செயற்றிட்டமாகத் தாராளமாக எடுக்கலாம். பலகையோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் இரு சுருள்களையும் மீளப் பரிவுக்குச் சரிசெய்த பின்னரே அளவுகளை ஒப்பிடுங்கள். எங்கள் முதல் அட்டவணையை அப்படிச் செய்யாததால் கிழித்துப்போட்டோம். கொள்ளளவிகளைத் தேவையைப் போல இரு மடங்கு வாங்கி, பற்றவைக்கும் முன்பே ஒவ்வொன்றாக அளந்துவிடுங்கள்.